தண்ணிக்கு அடியில் ஒரு கடலைக்காடு

மேட்டூர் அணையில் முதன்முதலாகப் பரிசலேறித் தூண்டில் போட்ட அன்று, பதினொரு முள்ளும் ஒன்பது ஈயமும் தண்ணீருக்குள் போயின. ஒரு மீன்கூட வரவில்லை. அது 2024 நவம்பர். மூன்று மாதம் கழித்து அதே பரிசல், அதே ஆட்கள், ஏறக்குறைய அதே இரை. காலை ஒன்பதரைக்குள் பதினான்கு மீன். முக்கியமாக மாறியது பரிசலை நிறுத்திய இடம்தான். அடித்தூண்டிலைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்த இடத்தைச் சேர்ந்தது.

எனக்குச் சேலம் அம்மாப்பேட்டை. விசைத்தறி ஓட்டுகிறேன், தறிப் பழுதும் பார்ப்பேன். மீன்பிடிப் பழக்கம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் வந்தது. ஏற்காட்டு மலைச்சரிவில் பெய்யும் மழை இறங்கி வந்து சேரும் ஏரி அது. பள்ளிக்கூடம் விட்டதும் மூங்கில் குச்சி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. வந்ததெல்லாம் ஜிலேபிக் கெண்டை. தக்கை முங்கினால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. கண்ணிருந்தால் போதும்.

அடித்தூண்டில் அப்படியில்லை. தக்கை கிடையாது. ஈயம் அடியில் போய் உட்கார வேண்டும், இரை தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். கீழே நடப்பதெல்லாம் நரம்பு, அதாவது தூண்டில் நைலான் நூல், வழியாக விரலுக்கு வந்து சேர வேண்டும். நூலோடு பிழைக்கிறவனுக்கு இது சுலபமாக வரும் என்று நினைத்தேன். விரல் விஷயத்தில் அந்த நினைப்பு தப்பில்லை. ஆனால் விரலுக்கு முன்னால் வேறொன்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

அதைத் தெரிந்தவர்களை நான் ஏற்கனவே சந்தித்திருந்தேன். 2024 ஜூனில் அணை வற்றிக் கிடந்தது. மட்டம் ஐம்பது அடிக்கும் கீழே. ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் திறக்க வேண்டிய தண்ணீரை அந்த வருஷம் திறக்க முடியவில்லை. பண்ணவாடியில் நந்தி வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓமலூர், மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் வழியாகப் போனேன். 1925-இல் கட்டத் தொடங்கி 1934-இல் முடித்த அணை. அது நிரம்பியபோது முங்கிய ஊர்களின் மிச்சம்தான் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும். தண்ணீர் இறங்கும் வருஷங்களில் அவை வெளியே வரும். ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

நாங்கள் நந்தியைப் பார்த்துவிட்டு மேட்டுப் பக்கம் நடந்தபோது ஓர் அக்கா கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கூடவே அவர் வீட்டுக்காரர். மீன்பிடி உரிமம் வைத்திருக்கும் குடும்பம். தண்ணீர் இருந்தால் பரிசல், தண்ணீர் போனால் ஏர். அணைக்காக எடுத்த நிலம்தான் என்றாலும், வற்றும்போது பழைய ஊர்க்காரர்களின் வாரிசுகள் இறங்கி விதைக்கிறார்கள். வண்டல் மண், எரு போட வேண்டியதில்லை. என் பெண்ணுக்கு ஒரு கை பச்சைக் கடலை கொடுத்தார். பக்கத்தில் கல் கட்டிய கிணறு ஒன்று, பாதி மண் மூடிக் கிடந்தது. “இது எங்க மாமனாரோட அப்பா வெட்டுன கெணறு தம்பி” என்றார். கிணற்றுக்கு மேற்கே இடுப்பளவு கல் வரப்பு, அதற்கப்பால் நாலைந்து புளியமரக் கட்டை. பிள்ளைகளை அந்த வரப்பின்மேல் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவுக்கு ஒரு வேலை வரும் என்று அப்போது தெரியாது.

ஜூலை 30 அன்று அணை 120 அடி நிரம்பியது. ஒரே மாதத்தில் எழுபது அடிக்கு மேல் ஏறிய தண்ணீர்.

நவம்பரில் அவர்களையே தேடிப் போனேன். ஒரு நாள் முழுக்கப் பரிசல் எனக்கு, கூலி ஆயிரத்து ஐந்நூறு. நான் பேரம் பேசவில்லை. பேசவும் கூடாது. நம்மைக் கூட்டிப் போகும் நாளில் அவர்கள் வலை போட முடியாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணையில் மீன் பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். நாமாக ஒரு பரிசலை வாங்கி இறங்குவது தப்பு. துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொண்டு, உரிமம் உள்ளவரோடு, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் போக வேண்டும். பிடிபடும் மீன் அவர்களுடையது என்று பேசிக்கொண்டோம். எனக்கு வேண்டியதைக் கரை விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

அன்று நான் சொன்ன ஒரே வார்த்தை, “அண்ணா, நல்ல ஆழமான இடமாப் போங்க.” பெரிய மீன் ஆழத்தில் இருக்கும் என்பது நான் எங்கேயோ பிடித்துக்கொண்ட நம்பிக்கை. அண்ணன் ஒருமுறை அக்காவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் துடுப்பு வலித்தார். காசு கொடுக்கிறவன் கேட்கிறானே என்ற தயக்கம் அது. எனக்கு அப்போது புரியவில்லை.

பழைய ஆற்றுப் படுகைக்கு மேலே போய் நின்றோம். நரம்பை இறக்கினால் பன்னிரண்டு மார் போனது. ஒரு மார் ஐந்தரை அடி என்று வைத்தால் அறுபத்தாறு அடி. ஈயம் உட்கார்ந்த இடமெல்லாம் பாறை இடுக்கு. இழுத்தால் வராது, அறுந்தது. மறுபடி கட்டினேன், மறுபடி அறுந்தது. காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை இதுதான்.

ஆழத்தில் மீன் இல்லாமல் போனதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தேங்கி நிற்கும் ஆழ்நீரில் அடியில் வெளிச்சம் எட்டாது, பாசியோ செடியோ வளராது. மேல்தண்ணீரைக் காற்று கலக்கிவிடும், அடித்தண்ணீருக்கு அது எட்டாது. அங்கே மக்கும் குப்பை இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். தின்னவும் இல்லை, மூச்சு விடவும் வசதியில்லை என்றால் மீன் எதற்காக அங்கே நிற்கும்? ஏரியானாலும் அணையானாலும், தூண்டில்காரன் தேட வேண்டியது வெளிச்சம் ஓரளவு எட்டும் தரையை. பதினைந்திலிருந்து முப்பது அடி. அதிலும் மேடு சரிந்து பள்ளமாகிற விளிம்பு.

கரை திரும்பும்போது அக்காதான் பேச்சை எடுத்தார்.

“தம்பி, அன்னைக்கு எங்க காட்டுல பிள்ளைங்கள நிக்க வெச்சு போட்டோ எடுத்தீங்களே, அங்க போயிருக்கலாமே?”

“அது தண்ணிக்குள்ள போயிருச்சே அக்கா.”

“காடு எங்கயும் போகலீங் தம்பி. மேல தண்ணி நிக்குது, அவ்வளவுதான்.”

பண்ணவாடி பரிசல்துறையில் இறங்கி, பஸ் பிடித்து, வீடு வந்து சேரும் வரைக்கும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஆறு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் இரண்டாவது முறை. மச்சான் மேச்சேரியில் இருப்பதால் முந்தின நாள் இரவே அங்கே போய்ப் படுத்துக்கொண்டு, விடியற்காலை நாலரைக்குப் பண்ணவாடி போய்விட்டேன். கையில் தட்டுவடை செட்டுக்கு வேண்டியதெல்லாம் ஒரு டப்பாவில். அக்காவுக்கு அது பிடிக்கும் என்று போன தடவையே தெரிந்துகொண்டிருந்தேன்.

பரிசல் ஏறும் முன் அக்கா கேட்டார்: “இன்னைக்கு மட்டம் எவ்வளவு?”

பேப்பரில் தினமும் வரும் அந்த ஒரு வரி. மேட்டூர் அணை நீர்மட்டம் இவ்வளவு அடி, வரத்து இவ்வளவு கனஅடி, திறப்பு இவ்வளவு. சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கேட்டது. தஞ்சாவூர்க்காரர்களுக்கான செய்தி என்று நாற்பது வருஷமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அக்காவுக்கு அது வேறு கணக்கு. அவருடைய காடு எண்பத்தைந்து அடியில் முங்கும், எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் வெளியே வரும். கிணற்று மேடு எண்பத்தெட்டு. புளியமரக் கட்டை இருக்கும் இடம் எண்பது. ஊரிலுள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அவரிடம் ஓர் எண் இருக்கிறது. அன்று மட்டம் நூற்றுப் பத்தை ஒட்டி இருந்தது. நூற்றுப் பத்தில் எண்பத்தைந்து போனால் இருபத்தைந்து அடி. நாலரை மார். காட்டுக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது கரையிலேயே தெரிந்துவிட்டது.

அணைகளில் தூண்டில் போடும் எல்லோருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். வற்றும் வருஷத்தில் ஒரு நாள் போய் அணைக்குள் நடந்து வாருங்கள். கல் வரப்பு, கிணற்று மேடு, பழைய வண்டித்தடம், ஓடை வந்து சேரும் வாய், மரக்கட்டை, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அன்றைய நீர்மட்டத்தையும் குறித்து வையுங்கள். தண்ணீரின் ஓரம் அன்று எந்த இடத்தைத் தொட்டு நிற்கிறதோ, அந்த இடத்தின் எண் அதுதான். போனில் எடுத்த படத்தில் இடக்குறிப்பும் பதிந்திருக்கும். என் பிள்ளைகள் வரப்பின்மேல் நின்ற படத்தில் அது பதிந்திருந்தது. வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆழம் காட்டும் கருவி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது காசில்லாமல் கிடைக்கும்.

போனை நான் எடுக்கும் முன்பே அக்கா இடத்துக்குப் போய்விட்டார். அவர் வழி இது: கரையில் உள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பின்னால் பாலமலைப் பக்கத்து முகடு ஒன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு திசையில் ஒற்றைப் பனையும் செல்போன் கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் கிணறு. போனைப் பார்த்தேன், இருபதடி கூட வித்தியாசம் இல்லை. பனி மூடினால் இந்த வழி உதவாது, அதற்கு மட்டும் போன்.

இடம் வந்ததும் அண்ணன் செய்த காரியத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கால் கிலோ ஈயக்கட்டி ஒன்று, அடியில் சின்னக் குழி. அந்தக் குழியில் துணி சோப்பை அழுத்தி அப்பினார். கயிற்றில் கட்டி இறக்கி, தரையில் ரெண்டு தட்டு தட்டி மேலே தூக்கினார். சோப்பில் கருவண்டலும் மக்கிய வேர்த்தூளும் ஒட்டியிருந்தன. “காடு” என்றார். பத்தடி தள்ளி இறக்கினார். சோப்பு வழவழவென்று வெறுமையாக வந்தது, ஓரத்தில் ஒரு கீறல். “வரப்புக் கல்லு.” பரிசலைக் கல்லிலும் வைக்காமல் காட்டின் நடுவிலும் வைக்காமல், கல் வரப்பை ஒட்டிய மண்ணுக்கு மேலே கொண்டுவந்தார். மீன் வரப்போரமாகத்தான் நடமாடும் என்றார். ஆடு மாடும் அப்படித்தானே நடக்கும் என்று அக்கா சொன்னார்.

அடுத்தது பரிசலை அசையாமல் நிறுத்துவது. நவம்பரில் நாங்கள் ஒரே கல்லைக் கட்டி இறக்கியிருந்தோம். வட்டப் பரிசல் ஒற்றைக் கயிற்றில் நின்றால் காற்றுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், நரம்பு கயிற்றில் முறுக்கிக்கொள்ளும், ஈயம் தரையில் இழுபடும். இந்தத் தடவை நான் கேட்டு, எதிரெதிரே இரண்டு பக்கமும் கல் இறக்கினோம். கயிறு ஆழத்தைப்போல் மூன்று பங்கு நீளம். அதற்குப் பிறகு பரிசல் திரும்பவேயில்லை. வலை போடுகிறவர்களுக்கு இது தேவைப்படுவதில்லை, தூண்டிலுக்குக் கட்டாயம். அன்று என் பக்கத்திலிருந்து போன ஒரே யோசனை இது. அண்ணனுக்குப் பிடித்திருந்தது.

பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது. கரையில் வீசுவதுபோல் கையைச் சுழற்றி எறியவும் கூடாது. உட்கார்ந்தபடி நேராகக் கீழே இறக்க வேண்டும். மீன் மாட்டினாலும் உட்கார்ந்தே இழுக்க வேண்டும், மற்றவர் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்வார். மிதவைச் சட்டையைக் கரையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். நீச்சல் தெரியும் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அவர்களோடு பரிசல் ஏறுவதும் இல்லை.

தூண்டில் கட்டும் முறையில் நான் நவம்பரில் செய்த தப்பு, நரம்பின் நுனியில் முள், அதற்கு மேலே அசையாமல் இறுக்கிய ஈயம். அப்படிக் கட்டினால் முள் தரையில் புரளும், கிடைத்ததிலெல்லாம் மாட்டும். மீன் இரையை வாயில் எடுத்ததுமே ஈயத்தின் கனம் அதற்குத் தெரிந்துவிடும், துப்பிவிடும். பிப்ரவரியில் இரண்டு விதமாகக் கட்டினேன்.

மண் தரைக்கு ஓட்டை ஈயம். நரம்பு ஈயத்தின் துளை வழியாகத் தாராளமாக ஓட வேண்டும். கீழே ஒரு சுவிவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் வளையம்), அதற்குக் கீழே ஒன்றரை அடி மெல்லிய நரம்பு, நுனியில் முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகர்ந்தால் ஈயம் தரையிலேயே கிடக்கும், நரம்பு மட்டும் ஓடும். மீனுக்கு எந்தக் கனமும் தெரியாது.

கல் இருக்கும் இடத்துக்கு நேர் தலைகீழ். ஈயம் கடைசி நுனியில், முள் அதற்கு ஒரு முழம் மேலே பக்கவாட்டில் தொங்கும். ஈயத்தை மட்டும் பலம் குறைந்த நூலில் கட்ட வேண்டும். நான் தறியில் கிடைக்கும் பருத்தி நூலை ரெண்டு புரியாகப் போட்டேன். ஈயம் கல்லிடுக்கில் மாட்டினால் அந்த நூல் மட்டும் அறும், முள்ளும் நரம்பும் தப்பி வந்துவிடும். அன்று மூன்று ஈயம் போனது, ஒரு முள்கூடப் போகவில்லை. முள் போகாமல் இருப்பது நம் காசுக்காக மட்டுமில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஈயத்தின் எடை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நரம்பு செங்குத்தாக நின்று, ஈயம் தரையைத் தொடுவது விரலுக்குத் தெரிகிற அளவில் ஆகக் குறைந்த எடை எதுவோ அது. அன்று காற்றில்லாத காலை, நாற்பது கிராம் போதுமாக இருந்தது. கல்லில் விழுந்தால் விரலில் டொக்கென்று ஒரு தட்டு வரும், மண்ணில் விழுந்தால் எதுவும் வராமல் நரம்பு மெதுவாகத் தளரும். மண்ணில் புதைந்துவிட்டால் ஒரு ஜாண் தூக்கி மறுபடி வைக்க வேண்டும்.

இரையைவிட முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வாய். கட்லாவுக்கு வாய் மேல் பார்த்து இருக்கும், அது மேல்தண்ணீரில் மேயும் மீன். ரோகு நடுத்தண்ணீர். மிருகாலுக்கு வாய் கீழ்ப்புறம், தரையில் மக்கிக் கிடப்பதைத் தின்னும். மீன் வளர்க்கிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே குட்டையில் விடுவதற்குக் காரணமே இதுதான், ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கை வைக்காது. அடித்தூண்டில் போட்டுவிட்டுக் கட்லாவுக்குக் காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். தரையில் நமக்குக் கிடைப்பது மிருகால், கெளுத்தி, ஆரால். ரோகு சில சமயம் இரை தேடி இறங்கும்.

மிருகாலுக்கு மாவு. மைதா இரண்டு பங்கு, வறுத்து இடித்த கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, கொஞ்சம் கனிந்த வாழைப்பழம். இதில் ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைய வேண்டும். பஞ்சு இல்லாத மாவு நாலரை மார் இறங்கும் முன்பே கரைந்துவிடும், நாம் வெறும் முள்ளைக் காவல் காத்துக்கொண்டு இருப்போம். நவம்பரில் நான் பாதி நேரம் அப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. கெளுத்திக்கு மண்புழு, அல்லது கோழிக்குடல். முந்தின நாள் வாங்கி ஒரு ராத்திரி வைத்திருந்த குடல் நன்றாக வேலை செய்தது. ஆராலுக்கு மண்புழு மட்டும்.

இறக்கும் முன் அக்கா தவிடும் புண்ணாக்கும் களிமண்ணும் சேர்த்துப் பிசைந்து தேங்காய் அளவுக்கு ஐந்து உருண்டை பிடித்து வரப்போரமாகப் போட்டார். களிமண் இல்லாவிட்டால் தவிடு மிதந்து போய்விடும். உருண்டை போட்டு இருபது நிமிஷம் தூண்டிலைத் தொடாமல் இருக்கச் சொன்னார். அந்த இருபது நிமிஷத்தில்தான் தட்டுவடை செட் சாப்பிட்டோம். அக்கா தன் மாமியார் சொன்ன கதையைச் சொன்னார். தண்ணீர் ஏறிய வருஷம் மாமியாரின் மாமனார் கடைசியாக ஒருமுறை கிணற்றில் இறைத்துக் குளித்துவிட்டுத்தான் வண்டி ஏறினாராம். அந்தக் கிணற்றுக்கு மேலேதான் நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதல் கடி ஆறரைக்கு வந்தது. நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் போட்டு, கட்டைவிரலால் லேசாகத் தொட்டிருந்தேன். துக், துக். சின்ன மீன் கொத்துவதும் மிருகால் உறிஞ்சுவதும் முதலில் ஒரே மாதிரிதான் இருக்கும். கொத்தும் மீன் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். மிருகால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தும், அப்புறம் நரம்பு ஒரே சீராக நகரும். அந்த நகர்ச்சி வரும்வரை இழுக்கவே கூடாது. நான் முதல் மூன்று கடியையும் அவசரப்பட்டுக் கெடுத்தேன்.

நாலாவது கடி நேர்மாறாக வந்தது. நரம்பு இழுபடவில்லை, தளர்ந்தது. தறியில் பாவு நூலில் ஏதாவது ஓரிடத்தில் இழுவிசை குறைந்தால் கண்ணுக்குத் தெரியும் முன் கைக்குத் தெரியும். இருபது வருஷப் பழக்கம் அது. யோசிக்கும் முன் கை தூக்கிவிட்டது. மீன் இரையை எடுத்துக்கொண்டு மேல்நோக்கி வந்திருக்கிறது, அதனால்தான் தளர்வு. தளர்வும் கடிதான் என்று எனக்கு எந்த மீன்காரரும் சொன்னதில்லை, தறி சொல்லிக் கொடுத்தது. முக்கால் கிலோ மிருகால். அதற்கப்புறம் வந்த மிருகாலில் பாதி தளர்வுக் கடிதான்.

மொத்தத்தில் மிருகால் ஐந்து, கெளுத்தி ஆறு, ரோகு இரண்டு, ஆரால் ஒன்று. ஒரு ஜாணுக்குக் குறைவான மூன்றைத் திருப்பி விட்டோம். முள்ளை விழுங்கிய குட்டி மீனாக இருந்தால் முள்ளைப் பிடுங்காமல் வாயோரம் நரம்பை நறுக்கி விடுவது நல்லது, குடலோடு பிடுங்கினால் பிழைக்காது. தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்திலிருந்து புதுத்தண்ணீர் வரும் மாதங்களில் கெண்டை இனங்கள் முட்டையிட ஏறும். அந்தச் சமயத்தில் சினை மீன் கிடைத்தால் அண்ணன் வலையிலிருந்தே எடுத்து விட்டுவிடுவாராம்.

நான்காவது கெளுத்தி என் உள்ளங்கையைக் குத்தியது. தூண்டில் முள்ளைக் கழற்றும் அவசரத்தில் முதுகைச் சுற்றிப் பிடித்தேன். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மொத்தம் மூன்று முள். அதன் விஷம் கடுகடுவென்று முழங்கை வரை ஏறியது. காபி போடுவதற்கு பிளாஸ்க்கில் கொண்டுபோயிருந்த வெந்நீர் உதவியது. பொறுக்கும் சூட்டில் கையை முக்கி வைக்க வேண்டும். சூட்டுக்கு அந்த விஷம் சிதையும், வலி குறையும். ஆனால் வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அடுத்த கையை விட்டுப் பார்த்த பிறகே முக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தேவலையானது. கரைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டி, டிடி ஊசி போட்டுக்கொண்டேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு அக்கா பிடிக்கக் காட்டினார்: வயிற்றுப் பக்கமாகக் கையைக் கொடுத்து, பக்கமுள் இரண்டும் விரலிடுக்கில் வருமாறு, தலையோரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஈரத்துணி இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்பதரைக்குக் கிழக்கே தண்ணீரின் நிறம் மாறியது. “காத்து வருது, கல்லத் தூக்கு” என்றார் அக்கா. கடி நன்றாக இருந்த நேரம். இன்னும் கால் மணி நேரம் என்று என் வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கரையைத் தொடும்போது அலை பரிசலின் விளிம்பை அடித்துக்கொண்டிருந்தது.

மீனை எடை போட்டு முடித்தபின் அண்ணன் வீட்டுக்குள் போய் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே ஈயம். உருண்டை, நீள்வட்டம், கூம்பு, துரு ஏறிய முள்ளோடு சேர்ந்தவை சில. காடு வெளியே வரும் வருஷங்களில் உழும்போது பொறுக்கியவை. எல்லாம் கரையிலிருந்தும் பரிசலிலிருந்தும் போட்டுத் தொலைத்தவை. “ஈயம் பரவால்ல தம்பி. முள்ளுதான். போன தடவ எங்க மாட்டுக் கொளம்புல ஏறி ரெண்டு மாசம் படுத்துருச்சு” என்றார். அக்கா தன் குதிகாலைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்பு. நவம்பரில் நான் விட்டுவந்த பதினொரு முள்ளை நினைத்தேன். அவை பழைய ஆற்றுப் படுகையில் கிடக்கின்றன, அங்கே யாரும் உழமாட்டார்கள் என்று அக்காவே சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து ஈயத்தைப் பருத்தி நூலில்தான் கட்டுகிறேன், மூக்கனேரியிலும்கூட.

டப்பாவிலிருந்து ஒரு கை ஈயம் எனக்குக் கொடுத்தார்கள். வரப்போரம் நான் விட்டுவந்த மூன்றையும் கோடையில் எடுத்து வைக்கிறேன் என்றார் அக்கா. மட்டம் எண்பத்தைந்துக்குக் கீழே போனதும் சொல்கிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலை பிடுங்க வாருங்கள் என்றார்.

கோடை வந்தது. நான் தினமும் காலையில் பேப்பரில் அந்த ஒரு வரியைத்தான் முதலில் பார்த்தேன். மட்டம் நூறுக்குக் கீழே இறங்கவேயில்லை. ஜூன் 29 அன்று அணை மறுபடி நிரம்பியது. அன்று சாயங்காலம் போன் செய்தேன். டெல்டாவுக்கு நல்லது, மீனுக்கு நல்லது என்று அண்ணன் சொன்னார். அக்கா போனை வாங்கினார்.

“இந்த வருசம் காடு வரலீங் தம்பி. வெதக்கடல மூட்டையோட அப்படியே இருக்குது. பாப்பாவுக்கு வேணும்னா அதுல ஒரு படி குடுத்து உடட்டுங்களா?”